தட்டில் வந்த தண்ணீர்

அத்தியாயம் 17

"தொர இன்னும் எழுந்திருக்கலியா?"

கட்டிலில் படுத்தபடியே கொளஞ்சியப்பன் கேட்டார். கண்ணாடி முன்னால் நின்று பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த விஜயலட்சுமி, "சார்ஜ்ல நிக்குதுப்பா, வரும்" என்றாள்.

தொர என்பது ஆள் இல்லை. இடுப்பளவு உயரத்தில், வெள்ளை வெளேரென்று, சக்கரத்தில் ஓடும் இயந்திரம். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. அதில் இரண்டு நீலக் கண்கள். வயிற்றுக்கு நேராக ஒரு தட்டு. பெங்களூரில் இருக்கும் மகன் சுபாஷ், தான் வேலை பார்க்கும் கம்பெனி செய்தது என்று மாசி மாதம் கொண்டுவந்து இறக்கினான். மாத்திரை நேரம் சொல்லும், தண்ணீர் கொண்டுவரும், அப்பா புரண்டாலும் புரளாவிட்டாலும் சுபாஷின் போனுக்குச் சேதி அனுப்பும். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நிறத்தைப் பார்த்து கொளஞ்சியப்பன் 'தொர' என்றார். அதுவே நின்றுவிட்டது.

தை மாதம் கரும்பு வெட்டு நடந்தபோது வரப்பில் சாய்ந்த மனிதர் அவர். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. போன நாக்கு மட்டும் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, முன்னைவிடக் கூர்மையாக. அன்றைக்குத் திருக்கோவிலூரில் புருஷனையும் வீட்டையும் விட்டு, ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்திலிருக்கும் இந்தப் பிறந்த வீட்டுக்கு வந்த விஜயலட்சுமி இன்னும் திரும்பிப் போகவில்லை. அவளுக்கே இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது. அப்பாவை ஒருநாள் புரட்டினால், மறுநாள் அவளைப் புரட்ட ஆள் வேண்டும்.

அதனால்தான், விஜயலட்சுமியைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த செல்லியம்மாள் காலனியிலிருந்து வந்தாள்.

புரட்டுவது, துடைப்பது, கழுவுவது, துணி மாற்றுவது எல்லாம் செல்லியம்மாள். அந்தக் கை தன் முதுகைத் தேய்க்கலாம், தன் மலத்தை அள்ளலாம். கொளஞ்சியப்பனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வந்த முதல் நாள், நா வறண்டு கிடக்கிறாரே என்று அவள் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டியபோது, நன்றாக இருந்த வலது கையால் அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். சுவரில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இயந்திரம் வந்த பிறகு ஒருநாள் விஜயலட்சுமி குளித்துக்கொண்டிருந்த நேரம். தண்ணீர் வேளை என்று அது பின்கட்டுக்கு வந்து காலித் தட்டோடு நின்றது. செல்லியம்மாள் தனக்கென்று வைத்திருந்த குடத்திலிருந்து மொண்டு தட்டில் வைத்தாள். அது கூடத்துக்கு உருண்டு போனது. "ஐயா, தண்ணீர் அருந்துங்கள்" என்றது. கொளஞ்சியப்பன் எடுத்துக் குடித்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த விஜயலட்சுமி இதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பின்கட்டில் ஒரு புதுக் குடத்தை வாங்கி வைத்தாள். அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. செல்லியம்மாள் மொண்டு வைப்பாள், தொர கொண்டுபோகும், அப்பா குடிப்பார். அப்பாவுக்குத் தெரியாது என்பது விஜயலட்சுமியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இன்றைக்கு அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று மகள் தேவிப்ரியாவுக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். விசேஷம் முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்து வரவேண்டும். தாய்வீட்டில் தாய் இருக்க வேண்டாமா? இன்றிலிருந்து அப்பாவைச் செல்லியம்மாளும் இயந்திரமுமாகப் பார்த்துக்கொள்வது, விஜயலட்சுமி திருக்கோவிலூரில் மகளோடு இருப்பது என்று ஏற்பாடு. செல்லியம்மாள் இல்லையென்றால் ஏற்பாடே இல்லை.

பின்வாசலில் செல்லியம்மாள் நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள்.

"தேவிக்கு. பச்ச வளையல். ரிஷிவந்தியத்துல வாங்கனேன். நான்தான் வர முடியாது. நீ போட்டு வுடு பாப்பா."

விஜயலட்சுமிக்கு முகம் சுருங்கியது. காலனிக்கு அவள் பத்திரிகை வைக்கவில்லை. "நீ எதுக்கு செல்லி இதெல்லாம்..."

"இன்னா பெரிய இது? கண்ணாடி வளையல்தான. தொட்டில்ல கெடந்தப்போ அதுக்குக் காப்பு செஞ்சது எங்க வூட்டுக்காரன்தான், மூங்கில் சீவி. கையிலேயே நிக்காது. உருவி உருவிப் போட்டுடும்."

பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விஜயலட்சுமி மெதுவாகக் கேட்டாள். "எழில்மதி போன் பண்ணுச்சா?"

எழில்மதி செல்லியம்மாளின் மகள். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே ஒரு விடுதிப் பள்ளியில் அம்மாவுக்குச் சமையல் வேலை பார்த்து வைத்திருந்தாள். போன வாரமே மேலே வரச் சொல்லி அடம்பிடித்தவளை, விஜயலட்சுமிதான் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருந்தாள்.

"பண்ணிக்கினேதான் கீது. 'அங்க வந்தா எரநூறு புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுவ, இங்க ஒரு கெழவனுக்குக் கழுவிக்கினு கெடக்குற'ன்னு திட்டுது. வுடு. தேவிக்குப் பொறக்கட்டும். சொன்னா சொன்னதுதான். நீ கெளம்பு."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏம்மா விஜி, பொழுதன்னிக்கும் பின்வாசல்ல இன்னா பேச்சு? வேன் வந்துட்டுது பாரு."

தெருவே வேனில் ஏறிக்கொண்டிருந்தது. வளைகாப்புச் சாப்பாட்டை விடுவார்களா? பக்கத்து வீடு, எதிர் வீடு, கோடி வீடு எல்லாம் பூட்டு. விஜயலட்சுமி அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"போய்ட்டு வரேம்ப்பா. தண்ணி மட்டும் நேரத்துக்குக் குடிச்சிடுங்க. வெயில் காலம், ஒடம்புல தண்ணி கம்மியானா திரும்பவும் ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எனக்கு இன்னா கவல? தொர குடுப்பாரு" என்றார் கொளஞ்சியப்பன். சொல்லிவிட்டு ஏனோ சிரித்தார்.

* * *

திருக்கோவிலூரில் ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். சந்தனமும் பன்னீரும் வியர்வையும் கலந்த மணம். நடுவில் தேவிப்ரியா, கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடிக்க, வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் விஜயலட்சுமிக்கு இத்தனை மாதமாகத் தான் எதை விட்டுவிட்டு இருந்தாள் என்று புரிந்தது.

"வந்துட்டாங்கப்பா சம்பந்தியம்மா" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. களமருதூர்க்காரி. வாய் சிரிக்கும், வார்த்தை சிரிக்காது. "நாங்கூட போன்லயே வளையல் போடுவாங்கன்னு நெனைச்சேன்."

பெண்கள் சிரித்தார்கள். விஜயலட்சுமியும் சிரித்து வைத்தாள்.

புருஷன் தங்கதுரை தூணோரம் நின்றான். கிட்டே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "உங்கப்பனுக்கு ரெண்டு புள்ள. ஒண்ணு மெஷினை அனுப்பிட்டான். ஒண்ணு தன்னையே அனுப்பிட்டா. மெஷினுக்காவது லீவு உண்டு."

"இன்னிலேருந்து இங்கதான் இருக்கப்போறேன். நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காதீங்க."

"இருந்தா சரி."

வளையல் தட்டு வந்தது. முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு தாய் போட வேண்டும். விஜயலட்சுமி கைப்பையைத் திறந்தாள். செய்தித்தாள் பொட்டலம் மேலேயே இருந்தது. எடுத்தாள்.

"அது யாரு குடுத்தது?" என்றாள் களமருதூர்க்காரி. கண் பொட்டலத்தின் மேல் இருந்தது.

அந்த ஒரு நொடியில் விஜயலட்சுமிக்குப் பல பதில்கள் வந்தன. "சும்மா... கடையில வாங்கின பேப்பரு" என்று சொல்லி, பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் தள்ளினாள். தட்டிலிருந்த வளையலை எடுத்து மகளின் கையில் ஏற்றினாள்.

மூன்றாவது வளையல் ஏறும்போது போன் அடித்தது. செல்லி.

விஜயலட்சுமி ஓரமாகப் போனாள். செல்லியம்மாளின் போனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி கெட்டுப்போய் வெகுநாளாகிறது. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அதனால் கத்துவாள்.

"பாப்பா! மெஷின் நின்னுபூட்ச்சு!"

"நின்னுபோச்சுன்னா?"

"காத்தால ஒரு தபா தண்ணி குடுத்துச்சு. அப்பால தட்டுல வெச்சி வுட்டேன், நெலப்படியாண்ட போயி நின்னுக்கிச்சு. கண்ணு அவிஞ்சிபோச்சு. தள்ளிப் பாத்தேன், சக்கரம் அசைய மாட்டங்குது. ஐயா தண்ணி தண்ணின்னு கத்திக்கினு கெடக்காரு."

"நீ குடுத்தியா?"

"நீட்டனேன். அடிக்க கை ஓங்கறாரு."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

விஜயலட்சுமி தம்பியைக் கூப்பிட்டாள். நான்காவது முறை எடுத்தான்.

"அக்கா, மீட்டிங்ல இருக்கேன். தெரியும், சேதி வந்துச்சு. எல்லா மெஷினும்தான் நின்னுருக்கு, காத்தால ஒரு அப்டேட் போட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள அதுவே எழுந்துக்கும்."

"சாயங்காலம் வரைக்கும் அப்பா தண்ணி?"

"செல்லியம்மா இருக்காங்கல்ல?"

"சுபாஷு, தெரியாத மாதிரி கேக்காத."

அவன் பெருமூச்சு விட்டான். "இந்தக் காலத்துலயும் இன்னாக்கா இது? நீ சொல்லக் கூடாதா அவருகிட்ட?"

"நீ சொல்லேன்."

"நான் இங்கேருந்து இன்னா சொல்றது? நீதான பக்கத்துல இருக்க. அக்கா, கூப்புடுறாங்க, அப்பறம் பேசறேன்."

மண்டபத்தில் யாரோ நலங்குப் பாட்டு ஆரம்பித்தார்கள். தேவிப்ரியா அம்மாவைத் தேடித் தலையைத் திருப்பினாள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வெளியே தார் ரோடு அலையடித்தது. போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். போனால் திரும்பி வந்த மாதிரிதான். யாரையாவது அனுப்பலாம் என்றால் தெருவே இங்கே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

அப்போதுதான் விஜயலட்சுமிக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. செல்லியை மறுபடி கூப்பிட்டாள்.

"செல்லி, நான் சொல்றதக் கேளு. அந்தத் தட்டு கழட்ட வருமில்ல? கழுவறதுக்குக் கழட்டுவோமே."

"வரும்."

"அதைக் கழட்டிக் கையில எடுத்துக்க. டம்ளர அதுமேலயே வெச்சிக்க. அப்பா தலமாட்டுப் பக்கமா போயி நில்லு. அவரால கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னாலேருந்து தட்டை மட்டும் நீட்டு. கை தெரியாம முந்தானையப் போத்திக்க."

"ம்."

"அப்பறம்... அது சொல்ற மாதிரியே சொல்லு."

"எது?"

"தொர. 'ஐயா, தண்ணீர் அருந்துங்கள்'னு. அதே மாதிரி, மெதுவா, ஏத்தம் எறக்கம் இல்லாம."

நலங்குப் பாட்டில் ஒரு முழு அடி போனது.

"நான் மெஷினாட்டம் பேசணுமா, பாப்பா?"

"ஒரு தடவதான் செல்லி. அவரு உயிரு. எனக்காக. தேவிக்காகன்னு வெச்சிக்க."

"சரி" என்றாள் செல்லியம்மாள். போன் துண்டானது.

* * *

அதன் பிறகு செல்லியம்மாள் கூப்பிடவும் இல்லை, கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

விஜயலட்சுமி பந்தியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் இரண்டு கை நிறைய வளையல் போட்டு விட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை போனை எடுக்கும்போதும் அவை சலசலத்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தன.

"போம்மா" என்றாள் தேவிப்ரியா கடைசியில். குரலில் கோபமில்லை. அதுதான் வலித்தது. "நீ இங்க இல்ல. ஒடம்பு மட்டும்தான் இருக்கு. போய்ப் பாத்துட்டு வா."

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்டி. செல்லி இருக்கா. மெஷின் எழுந்துக்கும். ஒரு எட்டுப் பாத்துட்டு..."

"வருவியா?"

"சத்தியமா."

வாசலில் தங்கதுரை வழிமறித்தான். "போற?"

"அப்பாவுக்குத் தண்ணி..."

"போ. இனிமே எங்க இருக்க, எப்ப வருவன்னு நான் ஒன்னக் கூப்புடவே மாட்டேன். பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னாதான் எம்பேரு ஒன் போன்ல வரும். அதையும் எடுக்கணும்னு தோணுனா எடு."

அவள் ஆட்டோ பிடித்தாள்.

வழியெல்லாம் கரும்பு வெட்டிய காடு எரிந்து கறுத்துக் கிடந்தது. மேற்கே, வெயில் புகைச்சலுக்கு அப்பால், கல்வராயன் மலை மங்கலாக ஒரு கோடு போலத் தெரிந்தது. அங்கே குளிரும் என்று செல்லியம்மாள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. ராத்திரியில் கம்பளி வேண்டும் என்று மகள் சொன்னாளாம். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது ஆசையா, பயமா என்று விஜயலட்சுமி அன்றைக்குப் பார்க்கவில்லை.

* * *

வீட்டுக்குள் நுழையும்போது ஒரு சத்தமும் இல்லை.

நிலைப்படியில் தொர நின்றது. திரை கறுத்திருந்தது. தட்டு அதன் இடத்தில் இருந்தது. தட்டின் மேல் டம்ளர், நிறையத் தண்ணீரோடு. மேலே ஒரு எறும்பு மிதந்தது.

கட்டிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. விஜயலட்சுமிக்கு மூச்சு வந்தது.

பின்வாசற்படியில் செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லி! குடிக்கலியா அவரு?"

செல்லியம்மாள் திரும்பினாள். முதலில் விஜயலட்சுமியின் கைகளைப் பார்த்தாள். வளையல்களைப் பார்த்தாள்.

"தேவிக்கு நம்ம வளையல் போட்டியா, பாப்பா?"

"போட்டேன்" என்றாள் விஜயலட்சுமி.

செல்லியம்மாளின் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்து போனது. "பச்ச அதுக்கு எடுப்பா இருக்கும்."

விஜயலட்சுமி சமையலறைக்கு ஓடி ஒரு சொம்பை எடுத்தாள். குழாயைத் திருகுவதற்குள் கூடத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். தொரயின் திரையில் நீலக் கண்கள் திறந்திருந்தன. அது ஒரு சுற்றுச் சுற்றித் தன்னைச் சரிசெய்துகொண்டு, கட்டிலை நோக்கி உருண்டது.

"ஐயா, தண்ணீர் அருந்துங்கள்."

கொளஞ்சியப்பனின் கண் திறந்தது. வலது கை பாய்ந்தது. டம்ளரை எடுத்து, எறும்போடு, ஒரே மூச்சில் குடித்தார். தண்ணீர் தாடையில் வழிந்து பனியனை நனைத்தது. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துக் குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைத்தார்.

"நன்றி ஐயா" என்றது தொர.

விஜயலட்சுமி சுவரில் சாய்ந்தாள். அப்பா பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆட்டோ ஏறிவிடலாம். அவள் மனதுக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் நிலைப்படியில் நின்று செல்லியம்மாள் சொன்னாள்.

"காத்தால நான் மொண்டு வெச்ச தண்ணி ஐயா அது."

"செல்லி!" என்று அதட்டினாள் விஜயலட்சுமி.

"தெரியும்டி" என்றார் கொளஞ்சியப்பன்.

நிதானமாகச் சொன்னார். தண்ணீர் உள்ளே போனதும் குரலும் வந்துவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் என்னை இன்னான்னு நெனைச்சிங்க? ஒரு பக்கந்தான் விழுந்திருக்கு. குளிக்கிற ரூம்ல தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது, என் மவ உள்ள இருக்கா. அப்ப பின்கட்டுல டம்ளர ரொப்பி அனுப்பறது யாரு? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சா... ஏன்ப்பா..."

"என் கண்ணுல படல. குடிச்சேன். கண்ணுல பட்டா குடிக்க மாட்டேன். அவ்ளோதான். இதுல இன்னா இருக்குது? ஊர்ல யாராச்சும் வந்து கேட்டா, தொர குடுத்தாருன்னு சொல்லிட்டுப் போறேன்." அவர் கண் மகளிடம் வந்தது. "ஆனா நீ சொன்ன பாரு ஒரு யோசன, போன்ல. ஊருக்கே கேக்குற மாதிரி. எனக்குத்தான் சிரிப்பு தாங்கல. இவ வந்து தலமாட்டுல நின்னுக்கினு சொல்றா பாரு, 'ஐயா, தண்ணீர் அருந்துங்கள்'னு! சரியா காதுல விழல, இன்னொரு தபா சொல்லுன்னேன். சொன்னா. தொர மாதிரி இல்லியே, இன்னும் நல்லா சொல்லுன்னேன். அதுவும் சொன்னா."

அவர் சிரித்தார். வெடித்த உதட்டில் ரத்தம் துளிர்த்தது.

விஜயலட்சுமி திரும்பிப் பார்த்தாள். செல்லியம்மாள் தரையைப் பார்க்கவில்லை. நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தபா சொன்னேன்" என்றாள். "நீ கேட்டுக்கினியேன்னு."

அப்புறம் அவள் பின்கட்டுக்குப் போனாள். விஜயலட்சுமி பின்னாலேயே போனாள். செல்லியம்மாள் அந்தக் குடத்தை எடுத்துத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். தன் செருப்பை மாட்டினாள்.

"செல்லி, எங்க கெளம்பற?"

"கச்சிராயபாளையத்துலேருந்து கடைசி பஸ்ஸு இருக்குது மலைக்கு."

"இன்னிக்கா? செல்லி, இன்னிக்கு ஒரு நாள். அவருக்காக நான் கையெடுத்துக் கும்புடறேன். தேவி அங்க ஒத்தையா... நீ சொன்னா சொன்னதுதான்னு சொன்னியே. பொறக்கற வரைக்கும்னு சொன்னியே."

"சொன்னேன்." செல்லியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்ப சொன்னது நானு, பாப்பா. மத்தியானம் பேசுனது மெஷினு. அது வாக்கு குடுக்காது இல்ல?"

விஜயலட்சுமி தட்டுத்தடுமாறி, "காலனியிலேருந்து வேற யாராச்சும்..." என்றாள்.

அந்த வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரிந்தது.

"கேட்டுப் பாருங்கம்மா" என்றாள் செல்லியம்மாள். "நீங்க கேட்டா வருவாங்க."

'பாப்பா' போய்விட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'நீங்க' வந்துவிட்டது. அவள் தோட்டத்து வழியாகவே போனாள். அந்த வீட்டின் முன்வாசலை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை. போகும்போதும் மிதிக்கவில்லை.

* * *

கூடத்தில் நாற்றம் எழுந்தது.

"செல்லி!" என்று கூப்பிட்டார் கொளஞ்சியப்பன். "ஏ செல்லி! வந்து பாரு!"

யாரும் வரவில்லை. தொரயின் நீலக் கண்கள் இரண்டு முறை சிமிட்டின.

"ஐயாவுக்குத் துணி மாற்ற வேண்டும். உதவியாளர் செல்லியம்மாளை அழைக்கிறேன்." அதன் வயிற்றுக்குள் மணி ஒலித்தது. எங்கோ ஒற்றையடிப் பாதையில் ஒரு போன் அடித்திருக்க வேண்டும். "உதவியாளர் பதிலளிக்கவில்லை."

விஜயலட்சுமி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். ஒரு கையை அப்பாவின் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினாள். முதுகெலும்பில் தீக்குச்சி கிழித்தது போல வலி ஓடியது. வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக் கதறின. கை இரண்டும் அசிங்கமாயின.

"மெதுவா! செல்லி இப்படியா புரட்டுவா?" என்றார் அப்பா.

"உதவியாளர் பதிலளிக்கவில்லை" என்றது தொர மறுபடியும். "புதிய உதவியாளரின் பெயரைச் சொல்லவும்."

விஜயலட்சுமி அழுக்குத் துணியை உருவினாள்.

"விஜயலட்சுமி" என்றார் கொளஞ்சியப்பன், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே. "எழுதிக்க தொர."

"நன்றி ஐயா. உதவியாளர் விஜயலட்சுமி சேர்க்கப்பட்டார்."

நாற்காலியில் கைப்பை அதிர ஆரம்பித்தது. போன். ஒரு முறை அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு வந்த பை சரிந்து தரையில் விழுந்தது. செய்தித்தாள் பொட்டலம் பிரிந்து, பச்சை வளையல்கள் கூடமெங்கும் உருண்டு ஓடின.

"அடுத்த வேளைத் தண்ணீர் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு தொர பின்கட்டை நோக்கி நகர்ந்தது. அங்கே மொண்டு வைக்க யாரும் இல்லை என்று அதற்குத் தெரியாது. அதன் சக்கரத்துக்கடியில் கண்ணாடி நொறுங்கியது. ஒன்று. இன்னொன்று.

"இன்னா சத்தம் அது? போனா? எடுக்காத. மொதல்ல என்னப் பாரு" என்றார் அப்பா.

அசிங்கமான கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு விஜயலட்சுமி குனிந்து பார்த்தாள். வளையல் துண்டுகளுக்கு நடுவே போன் முகம் மேலே பார்க்கக் கிடந்தது. தேவிப்ரியாவாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

திரையில் இருந்த பெயர் தங்கதுரை.